கழற்றுவதற்கும் ஒரு கூலி உண்டு

நம் வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வாங்கும் பொருளின் விலையைச் சதம் வரை கணக்குப் பார்ப்பார்கள். அதைப் பூட்டுவதற்கான கூலியையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்கள். ஆனால், அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் பழைய பொருளை அகற்ற எவ்வளவு செல்லும் என்று கேட்பவர் மிகக் குறைவு. "கழற்றி எறிவதுதானே, அதற்கென்ன கணக்கு?" என்று விட்டுவிடுவார்கள். கடைக்கு முகப்பு மாற்றுவோர், படகுக்கு இயந்திரம் மாற்றுவோர், கூரைத் தகடு மாற்றுவோர், வாகனம் திருத்துவோர் எனப் பலரும் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன் நான். நட்டும் போல்ட்டும் கிளாம்பும் விற்பதால், அவற்றை வாங்கிப் பூட்டுகிறவர்களின் இலாபமும் நட்டமும் என் கடன் கொப்பியில் தெரிந்துவிடும். அண்மையில் மயிலிட்டியில் ஒரு பழைய மொறிஸ் மைனர் காரின் சைலன்சரும் புகைக்குழாயும் கழற்றப்பட்டதை அருகில் இருந்து பார்த்தேன். கராஜ் வைத்திருக்காதவர்களுக்கும் அந்த வேலையில் படிக்க நிறைய இருந்தது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கடற்கரை ஊரில் ஒரு கராஜ்

காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் கடலோரமாக இருக்கும் ஊர் மயிலிட்டி. போருக்கு முன்னர் இலங்கையின் முக்கியமான மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது. 1990 ஜூனில் மக்கள் இடம்பெயர்ந்த பின்னர் ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 27 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலையில்தான் துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணிகளின் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. புனரமைப்பின் முதற்கட்டம் முடிந்து துறைமுகம் 2019 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. மூன்றாம் கட்ட வேலைகள் 2025 செப்டெம்பரில் ஆரம்பித்துவைக்கப்பட்டன.

அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களும் வெளியேற்றப்பட்டார்கள். இரும்புக்கடையும் லொறியும் வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் திரும்பி வந்தவர்களில் பலர் பழைய இரும்பு வியாபாரத்தில் இறங்கினார்கள். ஆகவே, கழற்றிப் போட்ட பொருளுக்கும் ஒரு பெறுமதி உண்டு என்பது நம்மவர்களுக்குத் தெரியாத விடயமல்ல.

மீள்குடியேறிய குடும்பமொன்றின் இளைஞர் மயிலிட்டியில் சிறிய கராஜ் ஒன்று நடத்துகிறார். படகு இயந்திரம், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி ஆகியவைதான் அவருடைய அன்றாட வேலை. முன்பொரு முறை பழைய ஒஸ்ரின் கார் ஒன்றின் சைலன்சரை மாற்றித் தருவதாக மொத்தமாக ஒரு தொகை பேசிவிட்டார். அரை நாள் வேலை என்று நினைத்தது இரண்டு நாளாயிற்று. மூன்று போல்ட்டுகள் உடைந்தன. கார்க்காரர் பேசிய தொகைக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டேன் என்றார். பேச்சு முறையில் அவர் சொன்னதும் சரிதான். வேலை செய்தவருக்கு மிஞ்சியது நட்டமும் மனஸ்தாபமும்.

இந்த முறை மைனர் கார் வந்ததும், கிளாம்ப் வாங்கக் கடைக்கு வந்த அவர், "நானா, இந்த வேலையை எடுக்கிறதோ விடுகிறதோ எண்டு தெரியேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றார். போனேன்.

பழைய காருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

முதலில், இப்படியான வேலையை எடுப்பதில் வியாபாரம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் கார்க் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னர் 1959இல் வந்த மினி காரையும் வடிவமைத்தார். பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் மைனர். மொத்தத்தில் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1956இல் வந்த மைனர் 1000 என்ற மாதிரிக்கு 948 சீசீ இயந்திரமும், 1962இலிருந்து 1098 சீசீ இயந்திரமும் பூட்டப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களும் வைத்தியர்களும் விரும்பி வைத்திருந்த கார் இது. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் போன்றவை வாடகைக்கு ஓடின.

1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. அதனால் கொஞ்சப் பெற்றோலில் இயந்திரத்தை ஸ்டார்ட் செய்து, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கணினி எதுவும் இல்லாத, எளிமையான பழைய இயந்திரம் என்பதால் அதுவும் சாத்தியமாயிற்று.

பின்னர் 2020 மார்ச்சில் நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், இருக்கும் வாகனத்தைத் திருத்தி ஓட்டுவதுதான் வழி என்று மக்கள் பழகிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், அப்பாவின் காரை ஓட வைத்துவிட வேண்டும் என்று பணம் அனுப்புகிறார்கள். எனவே வேலை இருக்கிறது. அதைக் கணக்காகச் செய்யத் தெரிந்தவருக்கு இலாபமும் இருக்கிறது.

மயிலிட்டிக்கு வந்த மைனரின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இடம்பெயர்ந்தபோது கொண்டுபோன கார், பல வருடங்கள் உள்ளூரில் உறவினர் வீட்டுக் கொட்டிலில் நின்று, வீடு கட்டி முடிந்ததும் மீண்டும் கடற்கரைக்கு வந்திருக்கிறது. கனடாவில் இருக்கும் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதற்குள் கார் ஓட வேண்டும். அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது.

சைலன்சர் ஏன் உக்குகிறது?

கடல் காற்றில் உப்பு இருப்பதால் துருப் பிடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் உக்குவதில்லை, உள்ளிருந்தும் உக்குகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடாகி அந்தத் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். சந்தைக்கும் கோயிலுக்குமாக இரண்டு மைல் ஓடி நிறுத்தினால், ஆவி குளிர்ந்து சைலன்சருக்குள் தண்ணீராகத் தேங்கிவிடும். இயந்திரத்துக்குத் தூரமாக, குறைவாகச் சூடாகும் பின்பகுதி முதலில் ஓட்டையாவது இதனால்தான். மண்ணெண்ணெய் ஓடிய காலத்துக் கரியும் உள்ளே படிந்து கிடந்தால், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

துருவின் இன்னொரு குணம், அது இரும்பை விடப் பருமனில் பல மடங்கு பெருத்து நிற்பது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் துரு வளர்ந்தால், ஆப்பு அடித்தது போல் இறுகிவிடும். பூட்டும்போது ஐந்து நிமிடத்தில் பூட்டிய நட்டு, கழற்றும்போது அரை நாளைத் தின்பதன் காரணம் இதுதான். எவ்வளவு நேரம் தின்னும் என்பது கையை வைக்கும் வரை யாருக்கும் தெரியாது. கழற்றும் கூலியை மொத்தமாகப் பேசக்கூடாது என்று நான் சொல்வதன் அடிப்படையும் இந்த உண்மைதான்.

கையை வைப்பதற்கு முன்னர்

இளைஞரிடம் நான் முதலில் சொன்னது, ஸ்பானரை எடுக்காமல் கைத்தொலைபேசியை எடுக்கும்படி. குழாய் எந்த வழியால் போகிறது, எந்த இடத்தில் ரப்பர் தாங்கியில் தொங்குகிறது, எந்த இடத்தில் உடலோடு உரசுகிறது என்று பத்துப் பன்னிரண்டு படம் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே உடைந்திருந்தது எது, நாம் கழற்றும்போது உடைந்தது எது என்ற தகராறு பின்னர் வந்தால் இந்தப் படங்கள்தான் சாட்சி.

அடுத்தது நிலம். மயிலிட்டி மண் மணலும் சுண்ணாம்புக் கல்லும் கலந்தது. மணலில் ஜாக்கியை வைத்தால் பாரம் ஏறியதும் சரியும். ஆகவே தடித்த பலகை போட்டு, அதன் மேல் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, காரை அவற்றில் இறக்கி, சில்லுகளுக்கு அடை வைத்த பிறகே ஆள் அடியில் போனார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அரை மணித்தியாலம் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யும் காரியமல்ல அது.

பற்றரி வயரைக் கழற்றி வைத்தார்கள். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடாமல், எந்த வயர் எங்கே இருந்தது என்று அடையாளம் வைப்பது நல்லது.

நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீற்றர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்துவது போல் இருக்கும். பலம் கொடுத்தவுடன் நட்டின் மூலை உருண்டுவிடும். அதன் பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. கடையில் சரியான அளவு இருந்தும், "இருக்கிறதை வைத்துப் பார்ப்போம்" என்று போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சொக்கெட்டின் விலையை மிச்சம் பிடித்து ஒரு நாள் கூலியை இழப்பார்கள்.

முதல் நாள் மாலை எல்லா நட்டுகளையும் கம்பித் தூரிகையால் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டார்கள். இரவு முழுவதும் ஊற விட்டார்கள். கூலி இல்லாமல் வேலை செய்யும் ஒரே தொழிலாளி நேரம்தான். மாலையில் எண்ணெய் விட்டுக் காலையில் கழற்றுபவருக்கு அந்தத் தொழிலாளி பாதி வேலையைச் செய்து வைத்திருப்பார்.

கழற்றிய நாள்

காலையில் பின்பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். ரப்பர் தாங்கிகளின் போல்ட்டுகள் இரண்டு சுழன்றன, ஒன்று உடைந்தது. அது தகட்டில் தொங்கும் சாதாரண போல்ட். துளைத்துப் புதியது போட்டால் சரி. இப்படியான இடத்தில் அரை மணித்தியாலம் போராடுவது வீண், அரிந்து எறிவதுதான் இலாபம்.

வால்குழாய் பின் அக்சிலுக்கு மேலாக வளைந்து போகிறது. பெற்றோல் தாங்கி அதற்குப் பக்கத்தில், டிக்கியின் அடித்தளத்துக்குக் கீழே. அக்சிலில் பிறேக் எண்ணெய்க் குழாயும் ஓடுகிறது. இந்தப் பகுதியில் காஸ் நெருப்போ கிரைண்டர் பொறியோ கூடவே கூடாது. சற்று நேரம் எடுத்தாலும் கையால் அரியும் இரும்பு வாள்தான். அரிவதற்கு முன்னர், வெட்டும் இடத்தின் இரு பக்கமும் சோக்கால் ஒரே கோடாக அடையாளம் போட்டார்கள். வெட்டிய துண்டுகளை மீண்டும் சேர்த்துப் பார்க்கும்போது எந்தக் கோணத்தில் இருந்தது என்பதை அந்தக் கோடு சொல்லும்.

கடினமான இடம் முன்பக்கம். இயந்திரத்திலிருந்து புகையை வாங்கும் வார்ப்பிரும்பு மெனிபோல்டோடு, கீழே இறங்கும் குழாயை இரண்டு பாதியாக உள்ள ஒரு கிளாம்ப் பிடித்து வைத்திருக்கிறது. மைனரில் கார்பரேற்றரும் இயந்திரத்தின் அதே பக்கத்தில், மெனிபோல்டுக்கு மேலே இருக்கிறது. அதாவது, நெருப்பு வைக்க வேண்டிய இடத்துக்கு மேலேயே பெற்றோல். கார்பரேற்றரைக் கழற்றி, பெற்றோல் குழாயை அடைத்துத் தூர வைத்து, பக்கத்தில் தீயணைப்பானும் ஈர மணல் வாளியும் வைத்த பிறகே காஸைப் பற்ற வைக்க விட்டேன்.

சூடாக்க வேண்டியது நட்டை. நட்டு சூடாகி விரியும்போது துருவின் பிடி விடும். சற்று ஆறியதும் மெழுகுதிரியைத் தொட்டால், மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு, அதன் பின் தளர்த்தும் பக்கம். அசைந்ததும் ஒரேயடியாகச் சுற்றாமல், முன்னும் பின்னுமாகக் கொடுத்துக் கொடுத்து எடுக்க வேண்டும். கிளாம்பின் இரண்டு நட்டுகளும் இப்படித்தான் வந்தன.

பழைய கஸ்கட்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் வெப்பம் தாங்கும் கஸ்கட்டுகளில் அஸ்பெஸ்டஸ் பரவலாகச் சேர்க்கப்பட்டது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஒட்டியிருக்கும் கஸ்கட்டைக் கிரைண்டரால் தேய்க்காமல், காற்றடித்து ஊதாமல், தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி எடுத்து, பையில் கட்டி அகற்ற வேண்டும்.

நிறுத்தத் தெரிய வேண்டிய இடம்

குழாய் கழன்ற பின்னர், மெனிபோல்டை இயந்திரத்தோடு பிடித்திருக்கும் ஸ்டட் ஒன்றைப் பார்த்தோம். பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. அதனருகே கஸ்கட் வழியாகப் புகை கசிந்த கரித்தடமும் இருந்தது. "இதையும் கழற்றிவிட்டால் முழு வேலையும் சுத்தமாகும்" என்று இளைஞர் ஸ்பானரை வைத்தார்.

அந்த இடத்தில் கையைப் பிடித்தேன். அந்த ஸ்டட் உடைந்தால், இயந்திரத்தின் தலைப்பகுதிக்குள் உடைந்த துண்டு நிற்கும். அதைத் துளைத்து எடுக்க வேண்டும். துளை கொஞ்சம் விலகினால் தலைப்பகுதியே பழுதாகும். சைலன்சர் வேலை, இயந்திர வேலையாகிவிடும். அந்த ஆபத்தை ஏற்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? காரின் சொந்தக்காரருக்கு. அவருக்கு ஆள் அனுப்பினோம்.

மாஸ்டர் சைக்கிளில் வந்து குனிந்து பார்த்தார். இரண்டு வழியையும் இளைஞர் சொன்னார். இப்படியே விட்டால் சிறு கசிவு இருக்கும். அந்தப் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட் நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. இந்தக் காரின் தரைத் தகட்டில் ஓட்டைகள் இருப்பதால் அது உள்ளே ஏற வாய்ப்பு உண்டு. கழற்ற முயன்றால் நல்லபடி வரலாம், உடையவும் கூடும். உடைந்தால் இத்தனை நாள் கூலி, இவ்வளவு செலவு.

மாஸ்டர் சற்று யோசித்துவிட்டு, "பேரப்பிள்ளையள் ஏறப்போற கார், தம்பி. நஞ்சுப் புகையோட வேண்டாம். உடைஞ்சால் உடைஞ்ச செலவை நான் தாறன், கழட்டுங்கோ" என்றார்.

இன்னொரு இரவு எண்ணெயில் ஊற விட்டு, மறுநாள் கழற்றியபோது ஸ்டட் உடையாமல் வந்தது. ஆனால் நான் சொல்ல வருவது ஸ்டட்டின் அதிர்ஷ்டத்தைப் பற்றியல்ல. அது உடைந்திருந்தாலும் அன்று அங்கே சண்டை வந்திருக்காது. கேட்டுச் செய்த வேலையில் கெட்டது நடந்தால் அது இருவருக்கும் பொதுவான நட்டம். கேளாமல் செய்ததில் நடந்தால் அது வேலைக்காரனின் குற்றம்.

பழைய குழாய் யாருக்குச் சொந்தம்?

கழற்றிய குழாயையும் சைலன்சரையும் இளைஞர் மூலையில் குவித்திருந்த பழைய இரும்போடு போடப் போனார். கராஜ்களில் கழற்றிய இரும்பு கராஜ்காரருக்கு என்பது எழுதாத வழக்கம். மாஸ்டர் தடுத்தார்.

"தம்பி, அதை இரும்புக்குப் போட்டிடாதேங்கோ. சைலன்சரில இருக்கிற அந்த ஒட்டு, 95இல இடம்பெயர்ந்து சாவகச்சேரியில இருக்கேக்க ஒட்டினது. எண்ணெய்ப் பரலின்ர தகட்டை வெட்டி ஒருத்தர் காஸில ஒட்டித் தந்தவர். காசு வேண்டேல்லை. அதை மகனுக்குக் காட்ட வேணும்."

எடை போட்டால் சில்லறைக் காசு. அவருக்கோ அது ஒரு காலத்தின் சாட்சி. கழற்றிய பொருளின் பெறுமதியை நாம் தராசில் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

காசுக் கணக்கிலும் இந்தக் கேள்வி முக்கியம். மைனர் போன்ற பழைய கார்களின் புகைக்குழாயில் வெறும் இரும்புதான். ஆனால் பிற்காலத்து பெற்றோல் கார்களில், சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்திகரிக்கும் கன்வேர்ட்டர் என்ற பெட்டி இருக்கும். அதற்குள் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் சில கிராம் அளவில் பூசப்பட்டிருக்கும். அதை இரும்பு விலைக்குப் போடுகிறவர் ஏமாறுகிறார். சொந்தக்காரருக்குச் சொல்லாமல் எடுத்து விற்கிறவர் ஏமாற்றுகிறார். பழைய இரும்பு எடுக்கும் நம் சகோதரர்களும், கழற்றிய பெட்டி ஒன்று கைக்கு வரும்போது அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

பழையதே வரைபடம்

மாஸ்டரிடம் கொடுக்கும் முன்னர் பழைய குழாய்க்கு இன்னொரு வேலை இருந்தது. மைனரின் புகைக்குழாயை யாழ்ப்பாணத்துக் கடைகளில் தேடி எடுப்பது இலகுவல்ல. பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் கப்பல் செலவும் வரியும் சேரும், மூன்று வாரத்தில் வந்து சேருமா என்பதும் கேள்வி. ஆகவே இங்கேயே வளைத்துச் செய்வதென்று முடிவாயிற்று.

வெட்டிய துண்டுகளைச் சோக்குக் கோட்டின்படி சேர்த்து, ஒரு பெரிய பலகையில் வைத்து, சுற்றிக் கோடு போட்டார்கள். மேலும் கீழும் வளையும் உயரங்களைத் தனியே அளந்து எழுதினார்கள். குழாயின் வெளி விட்டத்தை, துருவில்லாத மூன்று இடங்களில் வேர்னியர் அளவுகோலால் அளந்தார்கள். கழற்றும்போது நசுக்கி, முறித்து எறிந்திருந்தால் இந்த வரைபடம் கிடைத்திருக்காது. புதிய குழாயை நாலு முறை வளைத்துப் பார்த்து நாலு முறை வீணாக்க வேண்டி வந்திருக்கும்.

குழாயை வளைக்கும்போது உள்ளே நன்றாகக் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பினால் வளைவில் சப்பளியாது. மணலில் ஈரம் இருந்தால் சூட்டில் நீராவியாகிக் குழாய் வெடிக்கக்கூடும். ஆகவே மணலை வறுத்தே போட வேண்டும். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை மலிவு என்று வாங்கி வெல்டிங் செய்வோரும் உண்டு. நாகம் எரியும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். அது சைலன்சருக்கு உரிய குழாயும் அல்ல.

ஓர் இடைச் செய்தி. இந்த மைனருக்கே உதிரிப்பாகம் செய்து, அதைப் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதி செய்தவர்கள் இலங்கையர்கள். 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேயரும் இலங்கையர் ஒருவரும் கூட்டுச் சேர்ந்து, காலிப் பகுதியில் டியூரபிள் கார் கம்பனி என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். பழைய தகட்டைக் கழற்றி, அதைப் பார்த்துப் புதியதைக் கையால் அடித்துச் செய்யும் திறமை நம் நாட்டில் இருந்தது என்பதே அந்த வியாபாரத்தின் அத்திவாரம். மயிலிட்டியில் பலகையில் போட்ட சோக்குக் கோடும் அந்த வகைத் திறமைதான்.

விலை பேசும் முறை

இனி, எல்லா வியாபாரத்துக்கும் பொருந்தும் கணக்குக்கு வருவோம். ஒரு நாள் கூலியை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய சைலன்சர் பூட்ட அரை நாள், அதாவது 50. அந்த 50இல் செலவு போக 25 இலாபம் என்று வைப்போம். பழையதைக் கழற்றுவதையும் அதற்குள்ளேயே அடக்கி மொத்தமாகப் பேசுகிறீர்கள். கழற்றுவதற்கு மட்டும் ஒன்றரை நாள் போனால் 150 கையை விட்டுப் போகிறது. அதை ஈடு செய்ய இதே போன்ற ஆறு வேலையின் இலாபம் வேண்டும். ஆறு வாடிக்கையாளர்களுக்காக உழைத்ததை ஒரு துருப்பிடித்த நட்டு கொண்டுபோய்விடும்.

பயந்து, எல்லா வேலைக்கும் 200 கேட்டாலோ, இலகுவாகக் கழலும் கார் வைத்திருப்பவர் "இவன் கொள்ளைக்காரன்" என்று அடுத்த கராஜுக்குப் போய்விடுவார்.

இதற்கு வழி, விலையை மூன்று வரியாகப் பிரிப்பது. மாஸ்டரின் வேலைக்கு இளைஞர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். முதல் வரி, கழற்றும் கூலி: குறைந்தது அரை நாள், கூடியது ஒன்றரை நாள், அதற்கு மேல் போனால் வேலையை நிறுத்திச் சொந்தக்காரரைக் கேட்பது. இரண்டாம் வரி, புதிய குழாய், சைலன்சர், கிளாம்ப், கஸ்கட் ஆகியவற்றின் விலை. மூன்றாம் வரி, பூட்டிச் சோதித்துக் கொடுக்கும் கூலி. அடியில், கழற்றிய பழைய பொருள் யாருக்கு என்று ஒரு சிறு குறிப்பு. இரண்டாம் வரித் தொகையை முற்பணமாக வாங்கிக்கொண்டார்.

இப்படிப் பிரித்துச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவம் வேறு. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்தவர் பேரம் பேசுவார், ஆனால் சண்டை பிடிக்க மாட்டார். தெரியாமல் கொடுத்தவர்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார்.

மைனர் வேலையில் கழற்றுவதற்கு ஒரு நாளும் சில மணித்தியாலமும் சென்றன. பேசிய எல்லைக்குள்தான். புதிய குழாயைப் பூட்டிய பின்னர், இயந்திரத்தை ஓடவிட்டு, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். குமிழி வரவில்லை. இந்தச் சோதனையைத் திறந்த வெளியிலோ கதவு முழுவதும் திறந்த இடத்திலோ செய்ய வேண்டும். மூடிய கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. வருடாந்த புகைப் பரிசோதனைக்குப் போகும் வாகனங்களுக்கும் இந்தக் கசிவுச் சோதனை பயன்படும். குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவுகள் பிழையாக வரும்.

காசைக் கொடுத்த மாஸ்டர், பில்லில் இருந்த முதல் வரியை விரலால் தொட்டு, "இது ஒண்டுக்குத்தான் நான் இதுவரைக்கும் ஒரு கராஜிலயும் தனியாக் காசு குடுக்கேல்லை. ஆனா இதுதான் பெரிய வேலை எண்டு இப்பதான் விளங்குது" என்றார். அடுத்த கிழமை அவருடைய நண்பர் ஒருவர் பழைய ஏ40 ஒன்றோடு அதே கராஜுக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஆகவே, வியாபாரச் சகோதரர்களே, அடுத்த முறை எதையாவது மாற்றித் தருவதாக வாக்குக் கொடுக்கும் முன்னர், அது கூரையோ குளிரூட்டியோ படகு இயந்திரமோ கடை இறாக்கையோ எதுவாக இருந்தாலும், புதியதன் விலையைச் சொல்வதற்கு முன் பழையதைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். எத்தனை ஆணி, எவ்வளவு துரு, எங்கே நிறுத்திக் கேட்க வேண்டி வரும் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை ஒரு தனி வரியாக எழுதி, வாடிக்கையாளரின் கையில் கொடுத்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்.